கோழிக் காலேஜில் பூ கேட்ட கதை

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் மழை பெய்தால் கோழி நாற்றம் அடிக்கும். இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. இன்று அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. வாசலில் காவலாளி உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்குகிறார். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே இருந்தவை இரண்டு நீளமான கோழிக் கொட்டகைகள் மட்டும்தான். ஆனைமலையிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். ஏதோ நோய் வந்து கோழிகள் மொத்தமாகச் செத்துப்போக, மனசு விட்டுப்போன தோட்டத்துக்காரர், "எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்குங்க, கோழி மட்டும் வேண்டாமுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டாராம். வாங்கிக்கொண்டவர் ஒரு கன்னியாஸ்திரி. நாங்கள் அவரைச் சிஸ்டர் என்போம். கல்லூரியின் இயக்குநர் அவர்தான். ஆயா வராத நாட்களில் கூட்டிப் பெருக்குகிறவரும் அவர்தான்.

பலகையில் 'சமுதாயக் கல்லூரி' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. ஊரில் அதற்குப் பெயர் கோழிக் காலேஜ். நான் ஆனைமலையில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்து, தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர், "கோழிக் காலேஜெல்லாம் எறங்கு" என்று கத்துவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பிறந்து வளர்ந்து, எம்.ஏ. முடித்து, கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு இறங்குகிற என்னைப் பார்த்து இப்படிக் கத்தினால்? ஒருநாள் படியில் நின்றபடியே அவரோடு சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "செரிங்க மேடம், எப்படிக் கூப்புடோணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். சொன்னேன். மறுநாள், "சமுதாயக் கோழிக் காலேஜ் எறங்கு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் இறங்கித் தோப்புக்குள் வந்தபிறகு சிரித்தேன்.

அங்கே சேர மதிப்பெண் தேவையில்லை. பத்தாவதில் தோற்றவர்கள், எட்டாவதோடு நின்றவர்கள், தேங்காய் நார் மில்லுக்குப் போகப்போகிறவர்கள், இவர்களுக்கென்றே தொடங்கியது அந்தக் கல்லூரி. தையல், வீட்டு ஒயரிங், நர்சிங் உதவியாளர் என்று மூன்று படிப்புகள். எட்டு மாதம் வகுப்பு, பிறகு மூன்று மாதம் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பயிற்சி. நான் ஆங்கிலமும் 'வாழ்க்கைத் திறன்' என்ற பாடமும் நடத்தினேன். இருபத்து நாலு வயதில் வாழ்க்கையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எஸ்.டி.டி. பூத்தில் போன் பேசுவது, தபால் ஆபீஸில் படிவம் நிரப்புவது, ஒரு அலுவலகத்துக்குப் போனால் நாற்காலியில் முழுசாக உட்காருவது, இவ்வளவுதான் பாடம். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, யாராவது உள்ளே வந்தால் எழுந்துவிடத் தயாராக உட்காருவார்கள். "சாஞ்சு உக்காருங்க, நாற்காலி ஓடிப் போயிடாது" என்று நாளுக்குப் பத்து முறை சொல்லுவேன்.

முதல் வருடம் நர்சிங் வகுப்பில் பதினொரு பெண்கள். அதில் ஒருத்தி, இரட்டைச் சடை போட்ட நெட்டையான பெண், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கீழே வைக்கவில்லை. வகுப்பில் எல்லார் கையையும் பிடித்துப் பார்த்து முடித்துவிட்டு, ஆயாவைப் பிடித்தாள், தபால்காரரைப் பிடித்தாள். சிஸ்டருக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்ததே அவள்தான். மற்றப் பத்துப் பேரும் அவள் என்ன செய்கிறாளோ அதைத்தான் செய்வார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அவளுடைய அம்மா என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நார் மில்லில் வேலை. கணவர் இல்லை. குடும்பத்துக்கு ஆம்பளை என்று இருந்தது அவருடைய தம்பி. சரக்கு டெம்போ ஓட்டினார். அக்கா மகளை வைகாசியில் தான் கட்டிக்கொள்வதாக அவர் பாட்டுக்கு முடிவு செய்து வைத்திருந்தார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்து, "எனக்கு ஊசி போடப் படிக்கோணுங்க டீச்சர், மாமனக் கட்டிக்க மனசில்லீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினாள்.

தை முடியும்போது பயிற்சிக்கு அனுப்பும் நேரம் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்தான் பேசி ஏற்பாடு செய்திருந்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போன இடம் அது. பக்கத்திலேயே பெண்கள் விடுதி. எல்லாம் சரி, பெண்களை அனுப்பத்தான் ஒரு வீட்டிலும் ஆளில்லை. கோயமுத்தூர் என்றால் அவர்களுக்கு, உயிருக்கு ஆபத்தானால் கொண்டுபோகிற ஊர். வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வருகிற ஊர் இல்லை. பயிற்சி இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் முதல் வருடமே வீண். அதற்குப் பிறகு ஜூன் மாதத்தில் யார் வந்து சேருவார்கள்? "யாரும் வரலேன்னா என்ன, திரும்பக் கோழி வளர்ப்போம்" என்றார் சிஸ்டர். அவருக்கு வருத்தம் அதிகமானால்தான் இப்படிக் கேலி வரும்.

அந்த நெட்டைப் பெண் போனால் மற்றவர்களும் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அவள் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். மாமன் வாசலிலேயே நின்றுகொண்டார். "எங்கக்கா மவ டவுனுக்குப் போயி கண்டவனுக்கெல்லாம் ஊசி போடோணுங்களா? எங்கூட்டுல சோத்துக்கு இல்லீங்களா?" என்றார். சிஸ்டர் சாந்தமாகப் பேசப் பேச, எனக்கு உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் வாயைத் திறந்துவிட்டேன். உங்களுக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஊசி போடுவார்கள், டெம்போவா போடும் என்று கேட்டேன். சிஸ்டர் என் முழங்கையைக் கிள்ளினார். அதுவரை முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்த அம்மா, அப்போதுதான் பேசினார்.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க."

தம்பி கொஞ்சம் யோசித்தார். "அது செரி. ஆத்தா போன்னு சொல்லிப்போட்டா நான் குறுக்க நிக்கலீங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எந்த விஷயத்தில் மனசு இரண்டுபட்டாலும் அம்மன் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில், பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்கு மேல் பேச்சில்லை. எனக்குத் தெரிந்த வழக்கம்தான் என்றாலும் அன்று பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் எலும்பையும் நரம்பையும் படிக்க வைத்தது ஒரு அரளிப் பூவிடம் போய் நிற்பதற்கா? சிஸ்டர், "நான் கோயிலுக்கு வந்தா அது வேற மாதிரி ஆயிடும். நீ போ. கோபப்படாம இரு, அது போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. சின்ன மாரியம்மன் கோயில். மற்றப் பெண்களின் வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். தட்டில் இரண்டு நிற அரளியும், கிழித்த செய்தித்தாளும், நூலும் இருந்தன. பொட்டலம் யார் கட்டுவது என்று பூசாரி கேட்டார். சொந்தக்காரர் கட்டக் கூடாது என்பார்கள்.

"டீச்சரம்மாவே கட்டட்டுங்க. அவங்களுக்கு நம்மூர்ல ஒறம்பரையும் இல்ல, பகையும் இல்ல" என்றார் அம்மா.

மாமனும் தலையை ஆட்டினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். கை தானாகச் செய்தது என்று எழுத ஆசைதான். அது பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கைக்குட்டையில் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று, மூன்று வயது இருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். "வெள்ளைங்க!" பெண்கள் குலவை போட்டார்கள். மாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. அம்மா குனிந்து, காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரித்திருப்பார், நாளைக்கு ஊரே திரண்டு வரும் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நினைப்பேன். யாரும் வரவில்லை. ஒரு வீட்டுக்குக் கிடைத்த வெள்ளை மற்றப் பத்து வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது. பதினொரு பேரும் தகரப் பெட்டியோடு கோயமுத்தூர் போனார்கள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு வந்த அந்தப் பெண் நேராக என் அறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார்களாம். சொன்னதும் எல்லார் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்களாம். "கூட்டறது, தொடைக்கறது, பேசின் கழுவறது, அவ்வளவுதானுங்க டீச்சர். பி.பி. மெஷினத் தொடக் கூட உடலீங்க" என்றாள்.

"அப்ப வந்துடு. நான் வேற எடம் பார்க்கறேன்."

"எப்படிங்க வர்றது? பூ வந்திருச்சில்லீங்க. பாதில வந்தா ஆத்தா குத்தமாயிருமுன்னு அம்மா சொல்லுது. மாமனே நாளைக்குப் பஸ் ஏத்தி உடறேங்குது."

அவள் போய்விட்டாள். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, நான் செய்த ஏற்பாடு, நான் கட்டிய பொட்டலம். அவளை வெளியே அனுப்ப நான் செய்த காரியம், இப்போது அவளைத் திரும்பி வர முடியாமல் செய்துவிட்டது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. அதன் பிறகு ஊர் என்னைத் துரத்தினாலும் சரி, கல்லூரியை மூடினாலும் சரி. மறுநாள் அவளைக் கொண்டுபோய் விடும் சாக்கில், நீங்களும் வந்து ஆஸ்பத்திரியை ஒரு தரம் பாருங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார்.

பொள்ளாச்சியில், கோயமுத்தூர் போகிற உக்கடம் பஸ் ஏறினோம். பெண்ணுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நாங்கள் இருவரும் பின்னால். கிணத்துக்கடவு தாண்டும்வரை வார்த்தைகளை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அந்தப் பூ..."

"சொல்லாதீங்க அம்மணி."

அதுவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அன்றுதான் முதல்முறையாக, சொந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, அம்மணி என்றார். நான் விடவில்லை.

"இல்லீங்கக்கா. அந்த இன்னொரு பொட்டலத்த நீங்கதானே எடுத்தீங்க? அதப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பிரிக்கலீங்க. போற வழியில வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"ஏனுங்க?"

"பிரிச்சா எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. தெரிஞ்சுபோட்டா, நாளைக்கு எந்தம்பி கேட்டா நான் பொய் சொல்லோணும். அவங்கிட்ட நான் இன்னி வரைக்கும் பொய் சொன்னதில்லீங்க." முன்னால் உட்கார்ந்திருந்த மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "பொண்ணு குடுக்க மாட்டேன்னு நான் சொன்னா எனக்குத் தம்பி இல்லாமப் போயிருவான். குடுக்கறேன்னு சொன்னா எம்புள்ள மனசு செத்துப்போயிரும். நான் எதைச் சொல்றதுங்க? அதுக்குத்தானுங்க ஆத்தாகிட்டப் போனது."

"கட்டறதுக்கு என்னையச் சொன்னது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு எங்கூட்டு வாசல்ல எந்தம்பிகிட்டச் சண்டைக்குப் போனீங்கல்லீங்க, அப்பப் பாத்தேன் உங்க மொகத்த" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இவருக்கு நான் உதவி செய்ததாக அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துடைப்பம் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். மகள் அவரிடம் 'கஷ்டமாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தியிருந்தாள்.  அவர் முந்தானையை ஒருமுறை உதறி இழுத்துச் செருகிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அறைக்கு மூவரும் போனோம். நான் பேசுவதற்கு வாயைத் திறப்பதற்குள் அம்மா எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பதினொரு பெண்களுக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து வராதது அது.

"ஏனுங்கம்மா, எம்புள்ள நல்லாக் கூட்டுறாளுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லாக் கூட்டுறா."

"கூட்டுவாளுங்க. அது நான் சொல்லிக் குடுத்ததுங்க. நீங்க சொல்லிக் குடுக்கறாப்பல ஏதாச்சும் இருந்தா அதையும் சொல்லிக் குடுங்க. அதுக்குத்தானுங்க ஆத்தாகிட்டக் கேட்டு இம்புட்டு தூரம் அனுப்பியிருக்கறேன்."

குரல் ஏறவே இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசினார். தலைமை நர்ஸ் முகம் சிவந்தது. உனக்கு என்னதான் தெரியும் என்கிற மாதிரி பெண்ணைப் பார்த்து, மேசை மேலிருந்த கருவியைத் தள்ளித் தன் கையை நீட்டினார். அவள் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் மாட்டிக் கேட்டாள். "மேடம், உங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்குதுங்க. உப்பைக் கொறைச்சுக்கோணுங்க" என்றாள். அவர் நம்பாமல் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதே அளவுதான் வந்தது. அந்த வாரமே பதினொரு பேரும் வார்டுக்குப் போனார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடக்கவில்லை, சான்றிதழ் விழா நடந்தது. கோழிக் கொட்டகையில் காகிதத் தோரணம் கட்டினோம். பொள்ளாச்சியிலிருந்து நாற்காலிகளைத் தன் டெம்போவில் ஏற்றி வந்து இறக்கியது மாமன்தான். கல்யாணம் என்ன ஆச்சு என்று யாரோ கேட்டதற்கு, "ஆத்தா அனுப்பிச்ச புள்ளைங்க, நான் எப்படிங்க அடுப்படிக்குக் கூப்புடறது?" என்றார் பெருமையாக. ஆவணியில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த ஜூனில் நர்சிங் வகுப்புக்கு ஒரு கொட்டகை போதவில்லை. அடுத்த வருடம் தோட்டத்துக்காரர் பக்கத்து நிலத்தில் கொஞ்சம் கொடுத்தார், ஓட்டுக் கட்டடம் எழுந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக ஒரு அறைக்கு மட்டும் கண்ணாடிக் கதவு போட்டு, எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோலப் போனோம். நிலம் வைத்திருந்த தோட்டங்காட்டு வீடுகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், அவர்கள் காட்டில் வேலை பார்த்தவர்களின் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலில் முனகல் கேட்டது, பிறகு நின்றது. மழை பெய்தால் மட்டும் பழைய கொட்டகைப் பக்கம் நாற்றம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்தும் போயிருந்தது.

நான் அங்கே ஆறு வருடம் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் தை கடைசியில், பயிற்சிக்கு அனுப்புமுன், பெற்றவர்கள் கூடிப் பூ கேட்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் வருடம் பூசாரி என்னைப் பார்த்துத் தட்டை நீட்டியபோது அந்த அம்மா முன்னால் வந்தார். "டீச்சரம்மாவுக்கு இப்ப எல்லாப் புள்ளைகளும் சொந்தமாயிட்டாங்க. எம்புள்ள படிச்சு முடிச்சுட்டா, இனி நான் கட்டறனுங்க" என்று வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். அதற்குப் பிறகு எல்லா வருடமும் அவர்தான். ஒரு வருடம்கூடச் சிவப்பு வரவில்லை. கோழிக் காலேஜ் பிள்ளைகள் என்றால் ஆத்தாவுக்கு உசிரு என்று ஊரில் சொல்லத் தொடங்கினார்கள்.

பிரிக்காத பொட்டலத்தை ஒவ்வொரு முறையும் என் கையில் கொடுப்பார். "போற வழியில வாய்க்கால்ல போட்டுருங்க அம்மணி" என்பார். போட்டுவிடுவேன்.

கல்யாணமாகி நான் வேலையை விடுகிற வருடம், கடைசி முறையாக அதை வாங்கிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் நின்றேன். நகத்தால் நூலை நிமிண்டினால் போதும். விரல் நூல்வரை போனது. பிரித்தால் எனக்குத் தெரிந்துபோய்விடும் என்று தோன்றியது. கையை நீட்டிப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன். தாள் நனைந்து அவிழ்வதற்குள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர்தான், தலை நரைத்திருந்தது.

"கோழிக் காலேஜ் ஏறு" என்றார். ஏறிக்கொண்டேன்.